ஐந்தாம் நாள் தலைவலி: தாய் வீட்டில் வந்த சூல்வலிப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் ஊரகப் பகுதி ஒன்றில், இரவும் பகலும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருந்தபோது நான் நேரில் கண்ட சூல்வலிப்பு நிகழ்வு இது. கர்ப்ப காலத்திலோ பிரசவத்தை ஒட்டியோ இரத்த அழுத்தம் ஏறி, அதனால் வரும் வலிப்பே சூல்வலிப்பு (எக்லாம்ப்சியா). தாயும் குழந்தையும் நலமாக இருக்கிறார்கள். ஆனாலும் உயிரிழப்பு நேர்ந்திருந்தால் எவ்வளவு கவனத்தோடு ஆராய்ந்திருப்போமோ அதே கவனத்தோடு இதை ஆராய வேண்டும் என்று கருதியதால் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் அடையாளம் வெளிப்படாதிருக்க வயது, ஊர், சில நேரக் குறிப்புகள் ஆகியவை மாற்றப்பட்டுள்ளன. மருத்துவ நிகழ்வுகளின் வரிசை மாற்றப்படவில்லை.

பின்னணி

தமிழ்நாட்டில் வீட்டில் பிள்ளை பெறுவது இன்று அரிதிலும் அரிது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி மாநிலத்தின் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவ நிலையங்களிலேயே நடக்கின்றன. 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறந்த தாய்மார் இந்திய அளவில் 97 பேர். தமிழ்நாட்டில் 54 பேர். இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததில் பல திட்டங்களுக்குப் பங்குண்டு. 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸ், ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்கள் முறை வைத்துப் பணியாற்றும் ஏற்பாடு, அறுவைச் சிகிச்சையும் இரத்தமும் எந்நேரமும் கிடைக்கும் சீமாங்க் மையங்கள் ஆகியவையும் அந்தப் பங்கைச் சேர்ந்தவை. மாநிலத்தில் நேரும் ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியே விசாரித்துப் பதியும் வழக்கம் 1990-களிலேயே இங்கு வந்துவிட்டது. என் பார்வையில், மற்ற எதையும்விட அதிக மாற்றத்தைக் கொண்டுவந்தது அந்த விசாரணை முறைதான்.

இந்த அமைப்பு முழுவதற்கும் அடித்தளமாக இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கருவுற்ற பெண்ணைப் பதிவு செய்து 12 இலக்க பிக்மி எண் பெற்றுத் தருவதும், தாய் சேய் நல அட்டையை நிரப்புவதும், செவ்வாய்க்கிழமைகளில் கர்ப்பிணிகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவழைப்பதும், பிரசவத்துக்குப் பின் வீடு தேடிச் செல்வதும் அவருடைய பொறுப்புகள். நிதியுதவிக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் தேவைப்படுவதால், பதிவு செய்யாமல் விடுபடுகிறவர் அநேகமாக எவரும் இல்லை.

பதிவு முகவரியைச் சார்ந்தது. ஆனால் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது நம் ஊர் வழக்கம். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுகிறார்கள். மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத்தான் அவர் குழந்தையோடு புகுந்த வீடு திரும்புகிறார். ஆகவே கவனிப்பு மிகவும் தேவைப்படும் கடைசி பத்து வாரமும் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரமும், அவரைப் பதிவேட்டில் வைத்திருக்கும் செவிலியரின் எல்லைக்கு வெளியே கழிகின்றன. எங்கள் நிலையத்துக்கு வரும் தலைப்பிரசவப் பெண்களில் கணிசமானோர் இப்படி வந்தவர்கள்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அதை ஒரு குறைபாடாக நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

கர்ப்ப காலத்தில் கண்டவை

அந்தப் பெண்ணுக்கு வயது 23, தலைப்பிரசவம். புகுந்த வீடு பக்கத்து மாவட்டம். பத்தாவது வாரத்திலேயே அங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்திருந்தார். அன்று எடுத்த இரத்த அழுத்தம் 110/70. நிதியுதவித் திட்டம் தந்த மிகப் பெரிய பயன் இந்த ஒற்றை எண்தான் என்று பின்னால் தோன்றியது. ஆரம்பத்தில் எடுத்த அளவு இருந்ததால்தான் பிறகு ஏறியதை ஏற்றம் என்று தயக்கமின்றிச் சொல்ல முடிந்தது. ஹீமோகுளோபின் 9.8 ஆக இருந்ததால் இரும்புச்சத்து ஊசி போடப்பட்டிருந்தது. சர்க்கரைப் பரிசோதனையும் ஸ்கேனும் இயல்பு. 28-ஆம் வாரத்தில் அழுத்தம் 116/74.

முப்பதாவது வாரத்தில் வளைகாப்பு முடிந்து எங்கள் எல்லைக்குட்பட்ட கிராமத்துக்கு வந்தார். அடுத்த ஐந்து வாரங்கள் அவருடைய அட்டையில் எந்தப் பதிவும் இல்லை. புகுந்த ஊரின் செவிலியர் தன் பதிவேட்டில் 'தாய் வீடு சென்றுள்ளார்' என்று எழுதியிருந்தார், அது உண்மை. எங்கள் ஊர் செவிலியரின் பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. அதுவும் விதிப்படி சரி. இரண்டு பதிவேடுகளிலும் பிழை இல்லாதபோதே ஐந்து வாரம் ஒரு கர்ப்பிணியை யாரும் பார்க்கவில்லை.

அவரைக் கண்டுபிடித்தவர் அங்கன்வாடிப் பணியாளர். சத்துமாவு வாங்க வந்த பெண்ணின் விரலில் மோதிரம் இறுகிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துதான் மாவு வாங்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அவ்வாறு சொல்ல அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை வேலை செய்தது. 35-ஆம் வாரத்தில் என் முன் வந்து அமர்ந்தபோது அழுத்தம் 144/94. அரை மணி நேரம் இடப்பக்கமாகப் படுக்கவைத்து மீண்டும் எடுத்தோம், 142/92. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஒரு கூட்டல் (1+) அளவு. தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி எதுவும் இல்லை.

இரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதமும் வெளியேறும், வலிப்புக்கு முந்தைய நிலையான முன்சூல்வலிப்பு (ப்ரீஎக்லாம்ப்சியா) என்று முடிவு செய்து அன்றே சீமாங்க் மையம் உள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். தூரம் 45 கிலோமீட்டர். பயந்துபோயிருந்த தாயாரிடம் நான் சொன்ன ஆறுதல் வார்த்தை இந்த நிகழ்வில் பின்னால் ஒரு முக்கிய இடம் பெறுவதால் அப்படியே தருகிறேன்: "கவலைப்படாதீங்கம்மா, குழந்தை பொறந்துட்டா பிரஷர் தானா இறங்கிடும்."

பிரசவமும் வீடு திரும்பலும்

மருத்துவமனையில் லேபெட்டலால் மாத்திரை தொடங்கப்பட்டது. அழுத்தம் கட்டுக்குள் வந்தது. இரத்தத் தட்டணுக்களும் கல்லீரல் பரிசோதனைகளும் இயல்பாக இருந்தன. 37 வாரம் நிறைந்ததும் வலி வரவழைக்கப்பட்டு சுகப்பிரசவம் ஆனது. இரண்டரைக் கிலோ எடையில் பெண் குழந்தை. பிரசவ நேரத்திலும் அதற்கடுத்த நாளிலும் அழுத்தம் 150/100-ஐத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் 138/88 என்ற அளவில், 102 தாய் சேய் ஊர்தியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

இதுவரை நடந்ததில் நான் குறை சொல்ல ஏதுமில்லை. மூன்றாம் நாள் அனுப்பியிருக்கக் கூடாது என்று மறு ஆய்வில் ஒருவர் கூறினார். படுக்கைகளின் எண்ணிக்கையை அறிந்த எவரும் அதை வற்புறுத்த மாட்டார்கள். கவனிக்க வேண்டியது வெளியேற்றக் குறிப்பு. அதில் ஐந்து நாள் மாத்திரையும், 'ஒரு வாரம் கழித்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம் பார்க்கவும்' என்ற ஒரு வரியும் இருந்தன. பிரசவத்துக்குப் பின் இரத்த அழுத்தம் மிக உயர்வது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில்தான். திசுக்களில் தேங்கிய நீர் மீண்டும் இரத்தக் குழாய்களுக்குத் திரும்பும் காலம் அது. அழுத்தம் உச்சத்துக்கு ஏறும் நாட்களில் பெண் வீட்டில் இருப்பார். ஒரு வாரம் கழித்து அளவு எடுக்கும்போது அது இறங்கியிருக்கும், அல்லது எதுவும் செய்ய இயலாத நிலையாக இருக்கும்.

ஐந்தாம் நாள்

பிரசவம் ஆன செய்தி, பதிவு எண்ணின் வழியாகப் புகுந்த ஊர் செவிலியருக்குத்தான் சென்றது. அவர் கணவரின் கைபேசிக்கு அழைத்து நலம் விசாரித்தார். "தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க சிஸ்டர்" என்றார் வெளியூரில் வேலையில் இருந்த கணவர். அழைப்பு பதிவேட்டில் ஏறியது.

எங்கள் ஊர் செவிலியருக்குத் தகவல் தந்தவரும் அந்த அங்கன்வாடிப் பணியாளர்தான். ஐந்தாம் நாள் முற்பகலில் செவிலியர் தானாகவே அந்த வீட்டுக்குப் போனார். தன் பட்டியலில் இல்லாத ஒருவரைத் தேடிப் போனது பாராட்டத்தக்கது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். குழந்தையை எடை போட்டார், தொப்புளைப் பார்த்தார், பால் குடிக்கும் முறையைத் திருத்தினார். வீட்டுப் பார்வையில் அவர் நிரப்ப வேண்டிய படிவம் பெரும்பாலும் குழந்தையைப் பற்றியது. தாயிடம் "உனக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டபோது, "லேசா தலைவலிக்குது" என்றார் பெண். "ராத்திரி முழுக்க முழிப்பு, வேற ஒண்ணுமில்ல நர்ஸம்மா" என்று பாட்டி குறுக்கிட்டுச் சொன்னார். செவிலியரின் டிஜிட்டல் இரத்த அழுத்தமானி பேட்டரி தீர்ந்து துணை சுகாதார நிலையத்தின் மேசையில் இருந்தது. மறுநாள் நிலையத்துக்கு வந்து பிரஷர் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பெண் அதை வீட்டுக்கு வந்த முதல் நாளே நிறுத்தியிருந்தார். காரணங்கள் இரண்டு. பாலில் மருந்து இறங்கிக் குழந்தைக்கு ஆகாது என்று பாட்டி எண்ணினார். இரண்டாவது காரணம் இன்னும் வலுவானது: குழந்தை பிறந்தால் பிரஷர் தானாக இறங்கிவிடும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். அந்த டாக்டரம்மா நான்.

அன்று பிற்பகல் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மாலையில் தலைவலி கடுமையானபோது, நீர் கோத்துக்கொண்டது என்று சுக்கை உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டார்கள். வீட்டார் பார்வையில் இது முற்றிலும் பொருந்தும் விளக்கம். தலைக்கு ஊற்றிய அன்றே தலைவலி கூடியிருக்கிறதே. இரவு ஒன்பது மணிக்குக் கண் முன்னே பூச்சி பறப்பதுபோல் இருப்பதாகப் பெண் சொன்னார். விளக்கை அணைத்துத் தூங்கச் சொன்னார்கள்.

அந்த அதிகாலை

இரவு 2:10 மணிக்கு வலிப்பு வந்தது. ஜன்னி கண்டுவிட்டது என்று பாட்டி அலற, அண்ணன் உடனே 108-ஐ அழைத்தார். அவர் எந்த வைத்தியரையும் தேடி ஓடாமல் முதலில் அந்த எண்ணை அழைத்தது, பல ஆண்டுகளாக ஊர் ஊராகச் சொல்லி வந்ததன் பயன். 2:40-க்கு வண்டி வீட்டு வாசலில் நின்றது.

முதல் முடிவை வண்டியிலிருந்த அவசர மருத்துவ உதவியாளர் எடுக்க வேண்டியிருந்தது: 45 கிலோமீட்டர் நேரே சீமாங்க் மையத்துக்குப் போவதா, வழியில் எங்கள் நிலையத்தில் நிறுத்துவதா? அவர் எங்கள் பணி செவிலியரை அழைத்தார். செவிலியர் என்னை எழுப்பினார். நிறுத்தச் சொன்னேன். மேல் சிகிச்சை ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது; வழியில் இரண்டாவது வலிப்பு வந்து மூச்சுக்குழலில் எச்சிலோ வாந்தியோ இறங்கினால் சேரும்போது வேறொரு நோயாளியாகத்தான் சேர்வார். முதல் மெக்னீசியம் சல்பேட் தவணை உள்ளே போய்விட்டால் அடுத்த வலிப்புக்கான வாய்ப்பு வெகுவாகக் குறையும். இருபது முப்பது நிமிடத் தாமதத்தை அதற்கு ஈடாகக் கொடுக்கலாம் என்று கருதினேன். இன்றும் அப்படியே கருதுகிறேன்.

மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். நெற்றியில் காய்ந்து வெடித்த சுக்குப் பற்று; வலது கை விரல்களுக்குள் யாரோ திணித்திருந்த சாவிக்கொத்து; நாக்கின் ஓரத்தில் கடிபட்ட இரத்தம். அழைத்தால் கண் திறந்தார், பேச்சு குழறியது. அழுத்தம் 180/120.

நான் குடியிருப்பிலிருந்து வந்து சேரும் முன்பே பணி செவிலியர் இடப்பக்கமாகச் சாய்த்து, வாயை உறிஞ்சித் துடைத்து, ஆக்சிஜன் வைத்து, மெக்னீசியம் மருந்தைத் தொடங்கிவிட்டார். முதல் தவணை மொத்தம் 14 கிராம்: 4 கிராம் சிரை வழியாக மெதுவாக, 10 கிராம் இரு பிட்டங்களிலும் பாதிப் பாதியாக. மருத்துவர் வரும் வரை காத்திராமல் தசை ஊசியைச் செவிலியரே போடலாம் என்று விதி இருக்கிறது. அவர் அதை நினைவில் வைத்திருந்தார்.

ஒரு ஆம்பியூலில் இருப்பது ஒரு கிராம். ஆகவே பதினான்கு ஆம்பியூல்களை ஒவ்வொன்றாகக் கழுத்தை உடைத்து உறிஞ்ச வேண்டும். நடுக்கமில்லாத கைக்கே இது பல நிமிட வேலை. அவசரத் தட்டில் பத்துதான் இருந்தன. தசை ஊசிக்கு அவை சரியாகப் போயின. சிரை வழியாகச் செலுத்த வேண்டிய நான்கு, மருந்தகத்தின் பூட்டிய அலமாரியில் இருந்தன. சாவி இருந்த இடத்தைக் கண்டுபிடித்து எடுத்து வர 12 நிமிடம் ஆனது. மாதந்தோறும் நான் கையெழுத்திட்ட சரிபார்ப்புப் படிவத்தில் 'மெக்னீசியம் சல்பேட்: உள்ளது' என்ற கட்டத்தில் எப்போதும் குறி இருந்தது. படிவம் இருக்கிறதா என்றுதான் கேட்டது; எத்தனை என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த 12 நிமிடத்தில் அழுத்தத்தைக் கவனித்தோம். அரைமயக்கத்தில் இருப்பவருக்கு வாய்வழி மாத்திரை ஆபத்து என்பதால் லேபெட்டலால் ஊசி 20 மில்லிகிராம். பத்து நிமிடத்தில் 168/112. அடுத்து 40 மில்லிகிராம். மூளையில் இரத்தக் கசிவைத் தவிர்க்கும் அளவுக்குக் குறைக்க வேண்டும், ஆனால் ஒரேயடியாக இறக்கிவிடக் கூடாது. 154/102-இல் நிறுத்திக்கொண்டோம். முழங்கால் அனிச்சைச் செயல், மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் வெளியேற்றம் மூன்றையும் குறித்துக்கொண்டோம். மெக்னீசியம் மிகுந்தால் முதலில் மறைவது முழங்கால் அனிச்சைதான்.

யார் உடன் செல்வது என்பது அடுத்த கேள்வி. பிரசவ அறையில் இன்னொரு பெண் வலியில் இருந்தார். செவிலியரை அனுப்ப முடியாது. மாற்று மருத்துவர் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். மெக்னீசியம் மிகுந்தால் அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் ஊசியைப் பையில் போட்டுக்கொண்டு நானே வண்டியில் ஏறினேன். சீமாங்க் மையத்தின் பணி மருத்துவரை வழியிலேயே அழைத்து, கொடுத்த மருந்துகளையும் நேரங்களையும் சொன்னேன். 4:55-க்குச் சேர்ந்தபோது அவர்கள் வாசலில் தயாராக இருந்தார்கள். நான் இல்லாத நேரத்தில் எங்கள் நிலையத்தில் செவிலியர் தனியாக அந்தப் பிரசவத்தைப் பார்த்து முடித்தார். அது நல்லபடியாக முடிந்ததால் என் முடிவு சரி என்றாகிவிடாது. இரத்தப்போக்கு ஏற்பட்டிருந்தால் இந்த ஆய்வு வேறு பெண்ணைப் பற்றியதாக இருந்திருக்கும்.

மேல் சிகிச்சை

மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று சிடி ஸ்கேன் காட்டியது. தட்டணுக்கள் ஓரளவு குறைந்திருந்தன. மூன்றாம் நாளில் இயல்புக்குத் திரும்பின. வலிப்பு நின்று 24 மணி நேரம் வரை மெக்னீசியம் தொடர்ந்தது. மறு வலிப்பு இல்லை. குழந்தையைப் பாட்டி உடன் வைத்துக்கொண்டதால் இரண்டாம் நாளே தாய்ப்பால் மீண்டும் தொடங்கியது. எட்டு நாள் கழித்து, மாத்திரைகளுடனும் மூன்று நாளுக்கொரு முறை அழுத்தம் பார்க்க வேண்டும் என்ற தெளிவான குறிப்புடனும் வீடு திரும்பினார்.

மறு ஆய்வில் தெரிந்தவை

வட்டார அளவில் நடந்த கூட்டத்தில் புகுந்த ஊர் செவிலியரையும் தொலைபேசியில் இணைத்துக்கொண்டோம். தாய் மரணத்துக்கு இருப்பதுபோல், மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளை ஆராயவும் நடுவண் அரசு 2014-இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதைப் பின்பற்றி, யார் தவறு என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்தோம். ஒதுக்கி வைத்தாலும் அது அறையின் மூலையில் உட்கார்ந்துதான் இருந்தது. வீட்டுக்குப் போன செவிலியர் பேச்சைத் தொடங்கும் முன்பே அழுதுவிட்டார். மாத்திரை நிறுத்தப்பட்டதற்கு என் வார்த்தைதான் காரணம் என்று நான் சொன்ன பிறகே மற்றவர்களின் பேச்சு தளர்ந்தது.

பெண் நோயைக் கவனிக்கத் தாமதித்தார் என்றோ, குடும்பம் மருத்துவமனையைத் தவிர்த்தது என்றோ இங்கே சொல்ல இடமில்லை. வண்டி தாமதமாகவில்லை. சிகிச்சையும் பெருமளவு தாமதமாகவில்லை. வழக்கமாக எந்தத் தாமதத்தைத் தேடுவோமோ அது இங்கே இல்லை. பிரசவம் என்பதை முடிவுக்கோடாக வைத்து எங்கள் அமைப்பு கட்டப்பட்டிருந்தது. ஆபத்துக் கர்ப்பிணிகளின் பட்டியலில் சிவப்பில் இருந்த அவருடைய பெயர், குழந்தை பிறந்த அன்றே பட்டியலிலிருந்து நீங்கியது. பட்டியலின் தலைப்பு 'கர்ப்பிணிகள்' என்பதால். நோய்க்கு அந்தத் தலைப்பு தெரியாது. சூல்வலிப்பில் ஒரு பகுதி பிரசவத்துக்குப் பின்புதான் வருகிறது. 48 மணி நேரம் கடந்தும், வாரக் கணக்கிலும்கூட வரலாம். பாடப் புத்தகத்தில் நாங்கள் அனைவரும் படித்ததுதான் இது.

இரண்டாவது, தாய் வீடு. எண் பெண்ணோடு எங்கும் செல்லும். ஆனால் அந்த எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அவர் இருக்கும் ஊரில் யாருக்காவது தோன்ற வேண்டும். இங்கே அது ஓர் அங்கன்வாடிப் பணியாளருக்கு இரண்டு முறை தோன்றியது.

மாற்றியவையும் மாறாதவையும்

உடனே செய்யக்கூடியவற்றை அந்த வாரமே செய்தோம். பதினான்கு மெக்னீசியம் ஆம்பியூல்கள், ஊசிக் குழல்கள், லேபெட்டலால், கால்சியம் குளுக்கோனேட், அளவு எழுதிய அட்டை எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துப் பிரசவ அறைச் சுவரில் மாட்டினோம். அதற்குப் பூட்டு இல்லை. சரிபார்ப்புப் படிவத்தில் 'உள்ளது' என்பதை அடித்துவிட்டு எண்ணிக்கையை எழுதத் தொடங்கினோம்.

கர்ப்ப காலத்தில் அழுத்தம் ஏறியிருந்த எவருக்கும் வீட்டில் ஐந்தாம் நாளும் ஏழாம் நாளும் அழுத்தம் பார்ப்பது என்று முடிவு செய்தோம். வீட்டுப் பார்வைக்குப் போகும் செவிலியரின் பையில் அழுத்தமானியும் மாற்றுப் பேட்டரியும் இருக்க வேண்டும். தாயிடம் 'ஏதாவது தொந்தரவு இருக்கா' என்று பொதுவாகக் கேட்காமல், தலைவலி இருக்கிறதா, கண் மங்குகிறதா, மேல்வயிறு வலிக்கிறதா, மாத்திரை இன்னும் எத்தனை மிச்சம் என்று தனித்தனியே கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி ஒரு பாட்டியின் கருத்தையும் சேர்த்தே வெளிக்கொண்டுவந்துவிடும் என்பதை விரைவில் கண்டுகொண்டோம். நீர்க்கோப்பு என்ற சொல்லையும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். 'தலைக்கு ஊத்தின பிறகு நீர் கோத்துக்கிட்ட மாதிரி இருந்தாலும் உடனே வந்து பிரஷர் பாருங்க' என்று சொன்னால் புரிகிறது. அந்த நம்பிக்கையோடு வாதாடினால் புரிவதில்லை.

என் வாக்கியத்தை நான் மாற்றிக்கொண்டேன். "குழந்தை பொறந்த பிறகு ஒரு வாரம் பிரஷர் ஏறலாம், நாங்க சொல்ற வரைக்கும் மாத்திரையை விடக் கூடாது, பாலுக்கு ஒண்ணும் ஆகாது" என்று இப்போது சொல்கிறேன். ஆறுதல் தரும் அழகு இதில் குறைவுதான்.

தாய் வீட்டுப் பிரச்சினைக்காக, வந்தவர்கள், போனவர்கள் என்று இரண்டு பக்கமாகப் பிரித்த குறிப்பேடு ஒன்றை ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் வைத்தோம். 24-ஆம் வாரத்திலேயே 'பிரசவத்துக்கு எங்கே போகிறீர்கள்' என்று கேட்டு, அந்த ஊர் செவிலியருக்கு அழைத்துச் சொல்வது ஏற்பாடு. எங்கள் வட்டாரத்துக்குள் இது நன்றாக நடந்தது. மாவட்டம் தாண்டியபோது பாதி அழைப்புகள் தவறின. எண் மாறியிருந்தது, அல்லது அந்தப் பணியிடம் காலியாக இருந்தது. மூன்றாம் மாதத்தில் 'போனவர்கள்' பக்கம் வெறுமையாகத் தொடங்கியது. 'வந்தவர்கள்' பக்கம் மட்டும் நிரம்பிக்கொண்டிருந்தது. அதை நிரப்புவதற்கு வேறு ஊரின் தயவு தேவையில்லை, அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் போதும். முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் தொடங்கியிருப்பேன். புகுந்த ஊரின் அறிவிப்புக்காகக் காத்திராமல், வந்து சேர்ந்த ஊரே தேடிப் பதிவதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

செய்ய முடியாமல் போனவையும் உண்டு. இரவில் ஒரே செவிலியர் என்ற நிலை அப்படியே இருக்கிறது. வெளியேற்றக் குறிப்பில் 'ஒரு வாரம்' என்பதை 'இரண்டு நாள்' என்று மாற்றும்படி மருத்துவமனைக்கு எழுதினோம்; அழுத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் மாற்றினார்கள். அதுவே எங்கள் தேவை.

பிறகு

ஆறாவது வாரத்தில் அந்தப் பெண் எங்கள் நிலையத்துக்கு வந்தபோது அழுத்தம் 124/80. மாத்திரை படிப்படியாகக் குறைக்கப்பட்டு நிறுத்தப்பட்டது. நான்காம் மாதம் புகுந்த வீடு திரும்பும் முன், அந்த ஊர் செவிலியரை நானே அழைத்துச் சொன்னேன். அடுத்த கர்ப்பத்தில் தொடக்கத்திலிருந்தே கூடுதல் கண்காணிப்பும், பன்னிரண்டாம் வாரத்தையொட்டிக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் தேவைப்படும் என்று தாய் சேய் நல அட்டையில் சிவப்பு மையில் எழுதினேன். எழுதி முடித்த பிறகு எங்கள் பணி செவிலியர், "மேடம், அடுத்த தடவை புது கார்டுதானே குடுப்பாங்க?" என்று கேட்டார். அதையே ஒரு தனித் தாளில் எழுதி, லேமினேட் செய்து கொடுத்தோம். பாட்டி அதை வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, குடும்ப அட்டை இருந்த நெகிழிப் பையில் மடியாமல் வைத்தார்.